ரப்பர் கை ஊரில் இல்லாத தொண்ணூற்றொன்பது நாட்கள்

ரோண்டா ஹெல்விக் எங்கள் மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்தது 2019 மார்ச் 4, திங்கட்கிழமை. வயது நாற்பத்து மூன்று. அதற்கு முன் பதினேழு ஆண்டுகள் ராணுவத்தில் மருத்துவச் சிப்பாய். அதில் ஒன்பது ஆண்டுகள் ஹெலிகாப்டரில், அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு பறக்கும் வேலை. சார்ஜென்ட்டாக ஓய்வு பெற்று நெப்ராஸ்காவுக்குத் திரும்பி, மாட்டுத்தீவனக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டே நர்ஸிங் படித்துத் தேறினார். இவ்வளவையும் விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். தேர்வுக் குழுவினர் ஐந்து பேரும் அதைப் படித்துவிட்டு, 'தொடர்புடைய அனுபவம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார்கள். அந்தத் தாளைக் கோப்பில் சேர்த்தவன் நான். பயிற்சிப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டு எழுத்தராக இருந்தேன்.

விதிப்படி சரிதான். நர்ஸ் உரிமம் வாங்குவதற்கு முன் செய்த எதுவும் நர்ஸ் அனுபவம் ஆகாது. ஆட்டம் போடும் ஹெலிகாப்டரில் முழங்காலிட்டு, ரத்தத்தில் வழுக்கும் கையில் ஊசி ஏற்றியது கணக்கில் வராது. ஏசி அறையில் மாத்திரை வண்டியை ஒரு வருஷம் தள்ளினால் வரும். முன்னாள் படைவீரர்களுக்கென்றே அரசாங்கம் கட்டிய மருத்துவமனை அது. வாசலில் கொடி, லிஃப்டில் கொடி, காபி மெஷின் மேல்கூட ஒரு சின்னக் கொடி. 'உங்கள் சேவைக்கு நன்றி' என்று சொல்லாமல் அங்கே ஒருவருக்கொருவர் கதவு திறந்துவிடுவதில்லை. நன்றியோடு சரி.

அவரைப் போட்டது மூன்றாம் மாடி வார்டில். அதன் மேற்பார்வையாளர் கேண்டஸ் புரூயிட். இந்த அம்மையார் நோயாளியின் உடம்பைத் தொட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கழுத்துப் பட்டையில் ஐந்து பதக்க ஊசிகள். ஐந்தும் கருத்தரங்குகளுக்குப் போய் உட்கார்ந்து வந்ததற்குக் கொடுத்தவை. படைவீரர்களைப் பற்றி உருக்கமாகப் பேசுவார், கண் கலங்கும். பேச்சு முடிந்ததும் கண் உடனே காய்ந்துவிடும்.

எங்கள் விதி ஒன்று உண்டு. டிரிப்ஸ் ஊசி போடும் நர்ஸ் யாராக இருந்தாலும், பயிற்சிப் பிரிவில் இருக்கும் ரப்பர் கையில் மூன்று முறை குத்திக் காட்ட வேண்டும். மேற்பார்வையாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் இதை முடிக்கும் வரை நோயாளிக்கு ஊசி போடக் கூடாது. பழையவர்கள் ஆண்டுதோறும் மார்ச்சில் மறுபடி செய்ய வேண்டும். கை ஒன்றே ஒன்றுதான். அது பிப்ரவரி 19 அன்று முழங்கைப் பக்கம் ஒழுக ஆரம்பித்து, பெட்டியில் அடைபட்டு, ஒஹையோவில் இருந்த பழுதுபார்க்கும் இடத்துக்குப் போனது. போனதை நான் பதிவேட்டில் எழுதினேன்.

கை போன பிறகும் தாள்கள் வந்தன. மார்ச் 11 முதல் 22க்குள் மூன்றாம் மாடி நர்ஸ்கள் இருபத்திரண்டு பேர், இல்லாத கையில் ஆளுக்கு மூன்று முறை, ஒருமுறைகூடத் தவறாமல் குத்தியிருந்தார்கள். எல்லாத் தாளிலும் புரூயிட் அம்மையார் பார்த்ததாகக் கையெழுத்து. கை இல்லையே என்று ஒரு வார்த்தை கேட்டேன்.

"ஹார்லன், உங்க வேலை ஃபைல் பண்றது. பண்ணுங்க" என்றார்.

பண்ணினேன்.

ரோண்டாவை அழைத்துக்கொண்டு அம்மையார் என் அறைக்கு வந்தது மார்ச் 22, மாலை 3:10. அவருடைய தாளை மேஜையில் வைத்துப் பேனாவை நீட்டினார்.

"இங்க எல்லாரும் இப்படித்தான். கையெழுத்த மட்டும் போடு, தேதிய நான் போட்டுக்கறேன்."

"கை எங்க மேடம்?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு."

"அப்ப வரட்டும். வந்ததும் செஞ்சுட்டுப் போடறேன்."

அம்மையார் பேனாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்படியாக, அந்த மாடியில் டிரிப்ஸ் ஊசி போடத் தகுதியில்லாத ஒரே நர்ஸ் ரோண்டா ஹெல்விக் ஆனார். வேறு யாரும் அந்த வேலையை அவரளவுக்குச் செய்திருக்க முடியாது. அதற்கடுத்த ஆறு வாரங்கள் அவர் தட்டு எடுத்தார், படுக்கை மாற்றினார், தண்ணீர்ச் சொம்பு நிரப்பினார். பிரெயிடன் என்று இருபத்து நான்கு வயது நர்ஸ் ஒருவன் அவருக்கு வழிகாட்டியாம். நல்ல பையன், ஊசியைக் கையில் எடுத்தால் மட்டும் வியர்த்துவிடும். அவன் ரத்தக்குழாய் தேடும்போதெல்லாம் ரோண்டா பின்னால் கைகட்டி நின்று பார்க்க வேண்டும். கற்றுக்கொள்வதற்காக.

பதினான்காம் எண் படுக்கையில் லைல் ஓஸ்ட்பி. எழுபத்தொன்பது வயது, வியட்நாம் போரில் மரீன் என்னும் கடற்போர்ப் படையில் இருந்தவர். மரீன்களுக்கும் ராணுவத்துக்காரர்களுக்கும் ஓயாத கேலி உண்டு. வயிற்றுப் புண். ரோண்டா ராணுவம் என்று தெரிந்த நாள் முதல் அவருக்குப் பொழுது போனது. ராணுவத்துக்காரர்களுக்கு ஊசியில் எந்தப் பக்கம் கூர் என்று தெரியாது, அதனால்தான் தண்ணீர் மட்டும் கொடுக்க விட்டிருக்கிறார்கள் என்பார். மரீன்களுக்குப் படிக்கத் தெரிந்தால் எழுதிக் காட்டுகிறேன் என்பார் ரோண்டா.

மே 7, காலை 10:42க்கு ஓஸ்ட்பி ரத்தமாக வாந்தி எடுத்தார். கையிலிருந்த டிரிப்ஸ் ஊசி பிடுங்கிக்கொண்டது. ரத்த அழுத்தம் விழுந்துகொண்டே போனது. பிரெயிடன் இரண்டு முறை குத்தினான். இன்னொரு நர்ஸ் மூன்று முறை. கிடைக்கவில்லை. இதற்கென்றே இருந்த தனிக் குழு அப்போது கீழ்த்தளத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தது. கூட்டத்தின் பொருள், நோயாளிப் பாதுகாப்பு.

"தள்ளுங்க" என்றார் ரோண்டா.

கிழவர் கண்ணைத் திறந்து பார்த்தார். "எந்தப் பக்கம் கூர், சார்ஜென்ட்?"

"குத்தும்போது தெரியும். ஆடாம கெடங்க."

10:49க்கு ஊசி முன்கையில் ஏறிவிட்டது. ஒரே குத்து. ஓஸ்ட்பி பிழைத்தார். பிற்பகல் 1:15க்குப் புரூயிட் அம்மையார் புகார் எழுதி முடித்துவிட்டார்: தகுதி பெறாத ஊழியர் தடைசெய்யப்பட்ட செயலைச் செய்தார். ரோண்டா தகுதிகாண் காலத்தில் இருந்தவர். பெரிய விசாரணை எதுவும் தேவையில்லை. மூன்று பேர் உட்கார்ந்து அரை மணியில் வேலையை விட்டு அனுப்பலாம். அப்படி அனுப்பினால் அரசு மருத்துவமனை எதுவும் பிறகு சேர்க்காது. தேதி மே 21 என்று குறித்தார்கள்.

மே 16 அன்று ரோண்டா என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"அந்தக் கை எந்தத் தேதில போச்சு?"

"பிப்ரவரி 19."

"மத்தவங்க தாள்ல?"

"மார்ச் 11ல இருந்து 22 வரைக்கும்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கல."

கொஞ்ச நேரம் என் அலமாரியைப் பார்த்தார். கோப்புகள் ஆண்டுவாரியாக, முதுகில் எண்ணோடு நிற்கும்.

"அந்தக் கிழவர அஞ்சு தடவ குத்துனாங்க, ஹார்லன். அதையும் எண்ணி எழுதி வெச்சிருப்பீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்காகப் பேசுங்கள் என்று கேட்கவில்லை.

எழுதித்தான் வைத்திருந்தேன். ஐந்து என்று.

மே 21 காலை 9:30க்குக் குழு கூடியது. அம்மையார் புகாரை வாசித்தார். இரண்டு இடத்தில் குரல் தழுதழுத்தது. ரோண்டா நாட்டுக்குச் செய்த சேவைக்குத் தலைவணங்குவதாகவும், ஆனால் விதி விதிதான் என்றும் சொன்னார். குழுத் தலைவர் ரோண்டாவின் தாளைக் கேட்டார். கொடுத்தேன். காலியாக இருந்தது. அதன் மேல் பதிவேட்டை வைத்தேன்.

"இது எதுக்கு?"

"கை போன தேதி இதுல இருக்கு சார். இன்னும் வரல. மத்த இருபத்திரண்டு தாளும் இந்த உறைல இருக்கு."

தலைவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அவசரப்படவில்லை. அம்மையார் தண்ணீர் குடித்தார்.

"இது ரெண்டு மாசமா உங்ககிட்டதான் இருந்துச்சா?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

"ஆமா சார்."

ரோண்டா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்பது நிமிடம் எங்களை வெளியே நிற்க வைத்தார்கள். பிறகு, 'நடைமுறை குறித்த தவறான புரிதல்' காரணமாகப் புகார் திரும்பப் பெறப்பட்டது. பொய் என்ற சொல் எந்தத் தாளிலும் இல்லை. தேடிப் பார்த்தேன். மே 29 அன்று கை திரும்பி வந்தது. இருபத்திரண்டு பேரும் மறுபடி செய்யவேண்டி வந்தது. ஆடாத, கத்தாத, ரத்தக்குழாய் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும் அந்த ரப்பரில் ஒன்பது பேர் முதல் முறை தோற்றார்கள். ஜூலையில் புரூயிட் அம்மையாரைத் தர மேம்பாட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு மாடி மேலே, முன்பைவிடப் பெரிய ஜன்னல்.

ரோண்டா செய்தது மே 30, காலை 8:05. மூன்று முறைக்கும் சேர்த்து நான்கு நிமிடம் ஆனது. அதிலும் பாதி, அம்மையார் கையெழுத்துப் போட பிரெயிடன் பேனா தேடிய நேரம். கையெழுத்திட்ட தாளை என் கையில் தரவில்லை. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, கதவோரத் தட்டில் போட்டுவிட்டுப் போனார். 2022இல் நான் ஓய்வு பெறும்வரை, ஊசி, மற்றப் பயிற்சிகள் என்று அவருடைய தாள்கள் எல்லாம் அந்தத் தட்டுக்குத்தான் வந்தன. மொத்தம் பதினெட்டு. தேதி ஒன்றுகூடத் தவறாக இல்லை.