சர்க்கரை கருகிய கிறிஸ்துமஸ்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடிப்பதைவிட அதில் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். நான் பிறந்ததிலிருந்து கோழியை ஒரு துண்டுகூட வாயில் வைத்தவனில்லை. அது எப்படி இருக்கும் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். ஆனாலும் கல்யாண வீடு, ஆபீஸ், ரயில் பெட்டி என்று எங்கே சமையல் பேச்சு எழுந்தாலும், "கோழியா? ஒரு தடவை நான் வைத்த கோழியைச் சாப்பிட்டவன், நாட்டை விட்டே போகிற யோசனையைக் கைவிட்டுவிட்டான்" என்று மீசையை முறுக்கிக்கொண்டு சொல்லிவந்திருக்கிறேன். எனக்கு மீசையும் கிடையாது என்பது வேறு விஷயம்.

நடந்தது எழுபதுகளின் நடுவில், மெல்பர்னுக்குத் தென்கிழக்கே டண்டினொங்கில். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன எனக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் வரைபடம் போடுகிற வேலை. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பழைய மர வீட்டில் அறை எடுத்திருந்தேன். ஆளுக்கொரு அறை, எல்லோருக்கும் பொதுவாக ஒரே சமையலறை. ஊரிலிருந்து கிளம்பியபோது எல்லோரும் குளிரைப் பற்றி எச்சரித்தார்கள். சனிக்கிழமை மதியத்தைப் பற்றி ஒருவரும் எச்சரிக்கவில்லை. அன்று மதியம் கடைகளை இழுத்து மூடினால் திங்கட்கிழமை காலைதான் திறப்பார்கள். நடுவில் ஊரில் மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கு, எங்கேயோ புல்வெட்டும் மெஷின் சத்தம் ஒன்றுதான் சாட்சி.

யாரிடமாவது பேசியாக வேண்டுமே என்று நான் ஸ்டேஷனுக்குப் போவேன். அங்கே டிக்கெட் கொடுக்கிறவரிடம், "சிட்டிக்கு அடுத்த ரயில் எப்போது?" என்று கேட்பேன். சொல்வார். ரயில் வரும், போகும், நான் ஏறமாட்டேன். சில வாரங்களில் அந்த மனிதர் என் தலையைக் கண்டதுமே, நான் வாய் திறப்பதற்குள் நேரத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கு இருந்த ஒரே உரையாடலிலும் பாதி போயிற்று.

இந்த நிலைமையில்தான் பக்கத்து அறைக்கு ஒருவன் குடிவந்தான். என் வயதுதான். டிரினிடாட் தீவுக்காரன், நான் வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் சேர்ந்திருந்தான். மேற்கிந்தியத் தீவு என்றதும் என் மூளை நேராக கிரிக்கெட் மைதானத்துக்குப் போய்விட்டது. கைகொடுத்த கையோடு, "நீங்கள் வேகப்பந்தா, சுழல்பந்தா?" என்று கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீ மகுடி வாசிப்பியா, இல்ல பாம்பை மட்டும்தான் பிடிப்பியா?"

அன்றிலிருந்து சிநேகிதம். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் ஓர் அடுப்பில் என் சோறு, இன்னோர் அடுப்பில் அவன் குழம்பு. அவன் வைப்பதை நான் தொடமாட்டேன். நான் சாப்பிடும் தயிர்ச்சாதத்தைப் பார்த்து அவன், "இது சாப்பாடா, மருந்தா?" என்பான். ஆனாலும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். ஸ்டேஷன் பக்கம் போவதை நான் மறந்தே போனேன்.

டிசம்பரில் தொழிற்சாலைக்காரர்கள் பிக்னிக் போனோம். அங்கே ஒரு பந்தை அவன் கையில் திணித்து, போடு போடு என்று எல்லோரும் கத்தினார்கள். வாழ்நாளில் கிரிக்கெட் பந்தைத் தொடாதவன் அவன். கடைசியில் மானம் போகிறதே என்று தூரத்திலிருந்து ஓடிவந்தான். பந்து ஒரு பக்கம் போயிற்று, அவன் ஒரு பக்கம் போனான். வலது மணிக்கட்டு முறிந்து, விரலிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டு. கைதட்டிக் கத்தியவர்களில் நானும் ஒருவன் என்பதை இங்கே சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்கிறேன்.

கட்டுப் போட்டதும் அவன் சமையலறைக்கு வருவதை நிறுத்திவிட்டான். அறைக்குள்ளேயே ரொட்டியும் டின் மீனும். கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க வீடு காலியாகிக்கொண்டே வந்தது. ஒருவர் தங்கை வீட்டுக்கு, ஒருவர் கடற்கரைக்கு. வீட்டுக்காரம்மாளும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். மிச்சம் அவனும் நானும், இடையில் ஒரு பலகைச் சுவரும். அவன் இருமினால் எனக்குக் கேட்கும். வேறெதுவும் கேட்காது.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் அவன் கதவைத் தட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கட்டைப் பிரிச்சதும் ஊருக்குக் கிளம்பறேன் மேன்" என்றான். "கிறிஸ்துமஸ்னா எங்க வீட்ல கோழி வேகும். சர்க்கரையைக் கருக்கி, அதுல போட்டு. அதுகூட இல்லாம, இந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டு டின் மீன் தின்ன நான் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தேன்?"

இவன் போய்விட்டால் எனக்கு மிஞ்சுவது ரயில் நேரம் சொல்கிற மனிதர் ஒருவர்தான். அவரும் பாதிதான் பேசுவார். அந்தப் பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

"நான் செய்து தருகிறேன்."

"நீயா? நீ முட்டையைப் பார்த்தாலே தள்ளி நிப்பியே மேன்."

"கை என்னுடையது, வாய் உன்னுடையது. நீ சொல்லு, நான் செய்கிறேன்."

அவன் சிரித்தான். பிக்னிக்குக்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பில் மயங்கித்தான் நான் கசாப்புக் கடைவரை போனேன். கடைக்காரர் என்ன அளவு வேண்டும் என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? கைக்குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். அவர் கொடுத்ததை நாலு மடிப்புச் செய்தித்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த என் தயிரை எடுத்து வெளியே வைத்தேன். மறுநாள் தயிர் புளித்திருந்தது, அது எனக்கு வேண்டியதுதான்.

காரத்துக்கு மிளகாய் வேண்டும் என்றான். எனக்குத் தெரிந்த ஒரே தமிழ்க் குடும்பம், என்னோடு வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரருடையது. அவர்கள் விடுமுறைக்கு சிட்னிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். காரில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த அந்த வீட்டு அக்கா, நான் வந்த காரணத்தைக் கேட்டதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன தம்பி, கோழியோ? நீங்கள் சைவம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"சாப்பிட இல்லக்கா, சமைக்க மட்டும்தான்."

"அப்ப தின்னப்போற மனுசன்தான் பாவம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், ஒரு கை நிறையச் செத்தல் மிளகாய் கொண்டுவந்து கொடுத்தார். காய்ந்த மிளகாய்க்கு அவர்கள் ஊரில் அப்படிப் பெயர். அந்தச் சமயத்தில் கோழி, மிளகாய், நான் மூவரும் ஒரே நிலையில்தான் இருந்தோம்.

கிறிஸ்துமஸ் அன்று வெயில் கொளுத்தியது. தெருவில் ஒரு கார்கூட இல்லை. அவன் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு, மாவுக்கட்டை மடியில் வைத்து, ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டான். நான் இரண்டு கையிலும் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பைகளை மாட்டிக்கொண்டேன். "ஆபரேஷனா மேன்?" என்றான். கோழியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவன் சொன்னபடி மூட்டு மூட்டாகத் தேடி வெட்டினேன். அது கேட்டிருந்தால் மன்னித்திருக்காது. அவ்வளவு மோசமாக வெட்டினேன். எலுமிச்சைச் சாறு, பூண்டு, வெங்காயம், மிளகாய், அவன் ஊரிலிருந்து கொண்டுவந்த ஏதோ காய்ந்த இலை, எல்லாவற்றையும் போட்டுப் பிசறி ஊறவைத்தாயிற்று.

அடுத்ததுதான் வித்தை. கனமான பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்ததும் இரண்டு கரண்டி சர்க்கரை. சர்க்கரை உருகிப் பொன்னிறமானதும், எங்கள் வீட்டுப் பழக்கத்தில் பாத்திரத்தைச் சட்டென்று இறக்கிவிட்டேன்.

"ஏன் இறக்கின?"

"கருகிவிடும்."

"கருகணும் மேன்! அதுக்குத்தானே அடுப்புல வெச்சது!"

மறுபடி ஏற்றினேன். சர்க்கரை செம்பட்டையாகி, நுரைத்து, ஓரம் கறுத்துப் புகை கிளம்பியது. "இன்னும்" என்றான். எனக்கு வியர்த்தது. "இன்னும்" என்றான். வீடு பற்றிக்கொண்டால் வீட்டுக்காரம்மாளுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தபோது, "இப்ப!" என்று கத்தினான். கோழியை அப்படியே கவிழ்த்தேன். சடசடவென்று எழும்பிய சத்தத்தில், கரண்டியும் கையுமாகக் கொல்லைப்புறத்துக்கு ஓடிவிட்டேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்தபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. பிறகு திரும்பி வந்து கிளறினேன். வெளுத்துக் கிடந்த கோழி, தேக்குமர நிறத்துக்கு மாறியிருந்தது. தண்ணீர் ஊற்றி மூடிவைத்தேன். அந்த வாசனை வந்ததும் அவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

குழம்பு சுண்டியதும், "ருசி பார்த்து வேண்டிய உப்பைப் போட்டு இறக்கு" என்றான்.

இங்கேதான் சிக்கல். நான் எப்படி ருசி பார்ப்பது? எங்கள் வீட்டில் சைவச் சமையலையே யாரும் ருசி பார்க்கமாட்டார்கள். சாமிக்குக் காட்டுவதற்கு முன்னால் எச்சில் படக்கூடாது. அம்மா கொதிக்கிற குழம்பின் ஆவியை முகர்ந்தே உப்பு சரியா, தூக்கலா என்று சொல்லிவிடுவாள். ஒரு நாளும் தப்பினதில்லை. அந்த வம்சத்து மூக்குதானே இதுவும் என்று குனிந்து நன்றாக முகர்ந்தேன். எல்லாம் கச்சிதமாக இருப்பதாகவே பட்டது.

"சரியா இருக்கா?" என்றான்.

"பிரமாதம்" என்றேன்.

வீட்டுக்காரம்மாளின் பூப்போட்ட விரிப்பை மேஜையில் விரித்தோம். அவனுக்குச் சோறும் கோழியும், எனக்குச் சோறும் புளித்த தயிரும். இடது கையில் முள்கரண்டியைப் பிடித்து முதல் வாய் எடுத்துப் போட்டான். மெல்வது நடுவில் ஒரு கணம் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி, சாப்பிடாமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் மாட்டிய ரொட்டிப் பையைக்கூடக் கழற்றவில்லை.

"எப்படி?"

"இன்னும் கொஞ்சம் சோறு வை மேன்."

வைத்தேன். சாப்பிட்டான். இன்னொரு தட்டும் சாப்பிட்டான். நடுவில் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். செத்தல் மிளகாயின் வேலை என்று நினைத்தேன், கொஞ்சம் என் கைமணமும் என்று சேர்த்து நினைத்துக்கொண்டேன். அவன் வீட்டில் கிறிஸ்துமஸ் அன்று யார் யார் எந்தத் துண்டுக்குச் சண்டை போடுவார்கள் என்று சொன்னான். எங்கள் வீட்டில் தீபாவளிக்கு யார் யார் சண்டை போடுவோம் என்று நான் சொன்னேன். வெயில் தாழும்வரை எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் மிச்சமிருந்ததையும் சுடவைத்துத் தரச்சொல்லி, வழித்துச் சாப்பிட்டான்.

ஜனவரி கடைசியில் கட்டைப் பிரித்தார்கள். ஊருக்குப் போவதைப் பற்றி அவன் பேச்செடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் ஞாபகம் வந்துவிடுமே என்ற பயம். மறுபடி சாயங்காலங்களில் இரண்டு அடுப்பும் எரிய ஆரம்பித்தன. பிற்பாடு அவன் கல்யாணம் செய்துகொண்டு குவீன்ஸ்லாந்து பக்கம் போனான். நானும் குடும்பஸ்தனாகி வேறு வீடு போனேன். ஆனால் வருடம் தவறாமல் கிறிஸ்துமஸ் அன்று போனில் பேசிக்கொள்வோம்.

அந்த மர வீட்டை எப்போதோ இடித்துவிட்டார்கள். இன்றைக்கும் கோயில் அன்னதானத்திலோ ஆஸ்பத்திரி கேன்டீனிலோ யாராவது தட்டுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பதைக் கண்டால், என் கால் தானாக அந்தப் பக்கம் போகிறது. கூப்பிடாமலே எதிரே உட்கார்ந்துவிடுகிறேன். பேச்சுக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் அடுத்த ரயில் எப்போது என்று கேட்கிறேன். எதிரே ஓர் ஆள் இருந்தால் எதையும் சாப்பிட்டுவிடலாம் என்பதை அந்த மேஜையில்தான் பார்த்தேன்.

போன கிறிஸ்துமஸுக்கும் போனில் வழக்கம்போல என் பெருமையை ஆரம்பித்தேன். "உன்னை இந்த நாட்டில் பிடித்துவைத்ததே என் கோழிதான். இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது அது எப்படி இருந்தது என்று வாயைத் திறந்து சொன்னாயா? இப்போதாவது சொல்லேன்" என்றேன்.

அவன் சொன்னான்:

"உப்பே இல்ல மேன்."