அக்கா வறுத்த இறாலும் முறை தவறிய என் சம்பந்தமும்

முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவின் குணங்களைப் பாராட்டி எழுதச் சொன்னார்கள். எனக்கு வருவது மனத்தாங்கல்தான்.

அக்கா பிறந்தது விழுப்புரம், வாழ்க்கைப்பட்டது திண்டிவனம். பெற்றோர் அடுத்தடுத்து மறைந்தபோது ஒன்பது வயதுப் பையனான என்னையும் புகுந்த வீட்டுக்கே அழைத்துவந்தார். மாமாவும் சீக்கிரமே போய்விட, மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கி உழைத்து என்னைப் படிக்கவைத்தார். தாலுகா அலுவலகத்தில் சேர்ந்த நான், எந்த மனு எந்த மேசைக்கு எப்போது போகவேண்டும் என்பதைக் கரைத்துக் குடித்தவன். அக்காவுக்கு எந்த ஒழுங்குமுறையும் கிடையாது.

எண்பதுகளின் நடுவில் எனக்குப் பார்த்த இரண்டு இடங்கள் தட்டிப்போயின. தாய் தகப்பன் இல்லாத பையனாம். மூன்றாவதாக விழுப்புரத்துப் பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். இதுவும் போனால் இனி யாரும் பெண் தரமாட்டார்கள் என்று அக்காவுக்குக் கவலை. சம்மதம் சொல்லும்வரை அந்த வீட்டில் கை நனைக்கமாட்டார்கள், காபியோடு சரி. சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்ததாக அர்த்தம். இது தெரிந்தும் அக்கா, மரக்காணத்துக் கூடைக்கார அம்மாவிடம் காலையிலேயே இறால் வாங்கிவிட்டார்.

“இன்னாக்கா இது? அவங்க சரின்னு சொன்னப்புறந்தான சாப்பாடு?”

“வந்தவங்களுக்கு வெறும் காபித்தண்ணியா குடுப்பாங்க? ஜல்தியா சட்டைய மாத்திக்கினு வாடா, ஆபீசரு.”

மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, தட்டிய பூண்டு. இறால் விட்ட தண்ணீர் சுண்டியதும் எண்ணெய், கறிவேப்பிலை, மிளகு. அவ்வளவுதான். கூடத்தில் என் உத்தியோகத்தைக் குடைந்துகொண்டிருந்த பெண்ணின் அப்பா, வாசனை வந்ததும் பேச்சை நிறுத்தினார். அக்கா காபியோடு இறால் தட்டையும் வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெண்ணின் அப்பா ஒன்றை எடுத்து வாயில் போட்டார். பிறகு இன்னொன்று.

“மச்சான், பேச்சே முடியல, அதுக்குள்ள கை நனைச்சிட்டீங்களே!” என்றார் பெண்ணின் தாய்மாமன்.

மூன்றாவது இறால் பாதி வழியில் நின்றது.

“அதனால இன்னாங்கண்ணா?” என்றார் அக்கா. “நனைச்ச கையோட சோறும் சாப்ட்டுட்டுப் போங்க. எலை போட்டாச்சி.”

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். “எங்கப்பா எறாலுக்குத்தான் என்னைக் குடுத்தாரு” என்று என் மனைவி இன்றும் குத்திக்காட்டுகிறாள். வேண்டுமென்றே செய்தாயா என்று அக்காவைக் கடைசிவரை கேட்டேன். என் தட்டில் இன்னும் இரண்டு இறாலை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

போன வருஷம் அக்காவைச் சேர்த்திருந்த முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கு, இறால் வறுவலின் செய்முறையை எழுதிக்கொள்ள நோட்டோடு போனேன்.

“வறுக்கறது எத்தினி நிமிஷம்க்கா?”

“சத்தம் மாறும்டா. அப்ப எறக்கிடு. இல்லன்னா ரப்பரு.”

என்ன சத்தம் என்று கேட்பதற்குள் கண் அயர்ந்துவிட்டார். மூன்றாம் நாள் போயே போய்விட்டார். இதை யாரிடம் முறையிடுவது? ஓராண்டாக அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். எனக்கு எந்தச் சத்தமும் மாறவில்லை.

அக்காவைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், வெளியூரிலிருந்து ஓடிவந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்று படையலில் இருக்கும் இறால் நான் வறுத்தது. ரப்பராகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். கை நனைக்காமல் மட்டும் யாரும் போகாதீர்கள்.