சிம்சோனின் ஒருசந்தி

ஆனையூரில் ஜோசபின் டீச்சர் வீட்டுக்குப் போனவர்கள் வெறும் வயிற்றோடு திரும்பியதாகச் சரித்திரம் கிடையாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்குக்கூட இட்லி உண்டு. "போதும் டீச்சர்" என்று தட்டுக்கு மேல் கையை வைத்து மறைத்தால் கைமேலேயே சட்னி விழும். அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு மரியாதையே இல்லை.

மகள் ஜெனி வேலைக்குச் சென்னை போனபோது, தான் ஆசையாய் வளர்த்த ஃபைட்டர் மீனை இந்த அம்மாவிடம்தான் ஒப்படைத்தாள். நீலத் துடுப்புகள் பைபிளில் வரும் பலசாலியின் கூந்தல் மாதிரி நீண்டு கிடப்பதால் அவன் பெயர் சிம்சோன். தண்ணீர் விஷயத்தில் டீச்சரைக் குறை சொல்ல முடியாது. குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்துவைத்து, குளோரின் வாடை போன பிறகுதான் தொட்டியில் ஊற்றுவார். தீனியில்தான் சிக்கல். சிம்சோன் கண்ணாடியோரம் வந்து வாலை ஆட்டினால் டீச்சருக்கு மனசு கேட்காது. அவர் போட்டது தெரியாமல் கணவர் இன்னாசிமுத்து போடுவார். எதிர்வீட்டுத் தங்கப்பொண்ணு வந்தால் அவளும் தன் பங்குக்கு ஒரு சிட்டிகை போடுவாள்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் சிம்சோன் வயிறு உப்பி, தொட்டியின் அடியில் சாய்ந்து கிடந்தான். மகள் நம்பிக் கொடுத்துவிட்டுப் போன உயிராயிற்றே! டீச்சர் உடனே ஜெனிக்கு வீடியோ கால் போட்டார்.

"அம்மா, ஒரு நாளைக்கு எம்புட்டு தீனி போடுற?"

"எம்புட்டுன்னா... அவன் கேக்குறப்பல்லாம்."

"அதோட வயிறே அது கண்ணளவுதாம்மா! ரெண்டு நாளைக்கு ஒண்ணுமே போடாத. அப்பாவையும் போட விடாத."

"பட்டினியா? நம்ம வீட்லயா?"

"நீ இன்னைக்கு ஒருசந்தின்னு ஒரு நேரந்தான சாப்புடுற? அவனும் சும்மா கெடக்கட்டும்."

டீச்சர் தீவன டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினார். தொட்டி இருக்கும் ஹாலில் யாரும் சாப்பிடக் கூடாது என்று சட்டம் போட்டார். "அவன் பாக்குறான்ல" என்று சொல்லி, இன்னாசிமுத்துவின் தட்டை அடுப்படிக்குத் தூக்கிப் போனார். கொலைப் பாதகம் செய்தவர்போல் தொட்டிப் பக்கம் திரும்பாமலே நடமாடினார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு ஓடினார். சிம்சோனின் வயிறு வடிந்திருந்தது. அவன் மேலே வந்து, டீச்சரின் மூக்குக்கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தைப் பார்த்துச் செவுளை விரித்துச் சண்டைக்கு நின்றான். டீச்சருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இன்னாசிமுத்துவுக்கு இட்லி வைத்துவிட்டு வந்து, பீரோவிலிருந்த டப்பாவை எடுத்துத் திறந்து ஒரு உருண்டை போட்டார். இன்னொன்று போட்டார். இரண்டையும் விழுங்கிய சிம்சோன் மறுபடி கண்ணாடியோரம் வந்து வாலை ஆட்டினான். டப்பாவுக்குள் போன கை அப்படியே நின்றது.

"போதும்டா ராசா," என்றார் டீச்சர். டப்பாவை மூடினார்.

சட்டம் தளர்ந்து அன்றுதான் ஹாலுக்குத் திரும்பியிருந்த இன்னாசிமுத்து, தட்டில் கிடந்த ஆறாவது இட்லியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஜோசபினு, அப்படியே எனக்கும் ஒரு தடவ அதச் சொல்லேன்."

டீச்சர் காதில் வாங்கவே இல்லை. அடுப்படியிலிருந்து ஏழாவது இட்லியோடு வந்துகொண்டிருந்தார்.