பல் வைத்தியருக்கு வந்த வெங்காயம்

கொட்டாஞ்சேனைக் கப்பல் முகவரின் கணினித் திரையில் அன்று காலை ஒரு பல் வைத்தியருக்கு வெங்காயம் வந்திறங்கியிருந்தது. ஒரு கொள்கலன் நிறைய. சரக்கு புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவருடையது. வைத்தியரோ தன் சிகிச்சை அறைக்கு நோயாளி சாய்ந்திருக்கும் கதிரை ஒன்றை வரவழைத்துவிட்டுக் காத்திருந்தவர். முகவர் சிரித்துக்கொண்டேதான் எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னும் பெயர்கள் மாறியிருப்பதைக் கண்டார், சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மென்பொருள் எங்களுடையது. வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு சேலைக் கடையின் மேல்மாடியில் இருந்த எங்கள் ஒபீஸில் எழுதியது.

கேட்பவர்கள் எல்லோரும் சிரிக்கும் கதை இது. எனக்குச் சிரிப்பு வருவதில்லை, கொதிப்புத்தான் வருகிறது. இப்படி நடக்கும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார்.

உடன்பிறந்த அக்கா அல்ல. பட்டம் வாங்கிய கையோடு அங்கே போய்க் குதித்த எனக்குப் பக்கத்து மேசை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தார். போரால் யாழ்ப்பாணத்துத் தரைப்பாதை பூட்டியிருந்த காலம். கொழும்பில் ஏன் நிற்கிறாய் என்று சோதனைச் சாவடியில் கேட்டால் அவரிடம் இருந்த ஒரே பதில் இந்த வேலைதான். வேலை போனால் பதிலும் போய்விடும்.

வெங்காயத்தின் காரணத்தை எளிதாகவே சொல்லலாம். நாங்கள் எழுதிய மொழியில், பாவித்து முடிந்த நினைவகத்தைத் தானே கூட்டி அள்ளும் ஒரு பகுதி உண்டு. ஒரு பொருளுக்கு இடம் கேட்கும்போது அதன் வகையையும் சொல்லவேண்டும். அதற்குள், நினைவகத்தில் வேறொரு பொருள் இருக்கும் இடத்தின் முகவரி இருக்கிறதா, அல்லது வெறும் எண்ணும் எழுத்தும்தானா? முகவரி உண்டு என்றால், கூட்டுகிற பகுதி உள்ளே பார்த்து, அந்த முகவரியில் உள்ளதையும் விட்டுவைக்கும். வெறும் தரவு என்றால் உள்ளே எட்டியும் பார்க்காது. அதனால் வேலை வேகமாக முடியும். அந்த வேகத்தில்தான் எங்கள் டிரெக்டருக்கு ஆசை வந்தது. முகவருக்குச் செய்துகாட்டும்போது திரை ஒரு கணமும் தயங்கக்கூடாது, எல்லாவற்றையும் வெறும் தரவு வகையாகவே ஒதுக்குங்கள் என்றார்.

அக்கா எழுந்து நின்று மறுத்தார். சரக்குப் பதிவுக்குள் வாடிக்கையாளரின் பதிவு இருக்கும் முகவரி இருக்கிறது, அதைப் பார்க்காமல் விட்டால் வாடிக்கையாளரை ஆளில்லாப் பொருள் என்று கூட்டி எறிந்துவிடும், அந்த இடத்தில் இன்னொருவரைக் கொண்டுவந்து வைக்கும் என்று விளக்கினார். டிரெக்டர் கேட்டுமுடிக்கவில்லை. "பிள்ளை, உங்கட ஊரில படிச்ச தியறியெல்லாம் இங்க சரிவராது" என்றார். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் அவர். 'உங்கட ஊர்' என்பதை, ஏதோ தன்னுடைய தகப்பன் அங்கிருந்து வராமல் வேறு கிரகத்திலிருந்து வந்தவர் மாதிரிச் சொல்வார்.

அவர் சொன்னபடியே ஒதுக்கினோம். செய்துகாட்டிய அன்று திரை பறந்தது. நாலு பேர் பாவிக்கத் தொடங்கியதும் வெங்காயம் வந்தது.

அக்கா ஒரு மத்தியானத்துக்குள் வகைகளைத் திருத்தி எழுதினார். பெயர்கள் அசையாமல் நின்றன, திரை மட்டும் இடைக்கிடை சற்று மூச்சு வாங்கியது. பக்கத்தில் இருந்து சோதித்துப் பார்த்தவன் நான். அதன்பிறகு டிரெக்டர் தன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே முகவருடன் கதைத்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று விட்ட பிழை, ஆளை வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று, இனிப் பயமில்லை என்றார். அக்காவுக்கு அந்தச் செய்தி அப்படித்தான் தெரியவந்தது. தன் கோப்பையைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு போனார். நினைவகத்தைக் கூட்டுகிற அந்த மூளையில்லாத பகுதிகூட, இதை யாராவது பிடித்துக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் எறியும்.

அடுத்த கிழமை ஒரு காலை தொலைபேசி அடித்தது, நான் எடுத்தேன். கொட்டாஞ்சேனைப் பொலிஸ். வாடகை அறைகளில் இருப்பவர்களை விசாரிக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள். அக்கா எங்கள் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார். இந்தப் பெண் உங்களிடம் வேலை செய்கிறாரா என்று ஒருவர் சிங்களத்தில் கேட்டார். பதில் சொல்லுமுன் நான் டிரெக்டரிடம் கேட்டிருக்கவேண்டும். அவர் கதவடியிலேயே நின்றார். தலையையும் கையையும் ஆட்டினார். "இல்லையெண்டு சொல்லும். எங்களுக்கு ஏன் இந்தச் சோலி?"

ஓம், எங்கள் ஆள்தான், அவர் எழுதியதுதான் இந்த நிமிடமும் துறைமுகத்தடியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். தொலைபேசியை வைத்ததும் டிரெக்டர் என்னிடம், பொலிஸுக்கே பொய் சொல்லிவிட்டாய் என்றார்.

"எது சேர் பொய்? அவ எழுதினதை நிப்பாட்டிப் பாருங்கோவன், முகவர் உடன கோல் எடுப்பார்."

மத்தியானம் தாண்டி அக்கா படியேறி வந்தார். காலையிலிருந்து சாப்பிடாத முகம். வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதால் விட்டிருக்கிறார்கள், ஆகவே வேலைக்கு வந்துவிட்டார். தன் மேசையில் உட்கார்ந்து கணினியை இயக்கினார். டிரெக்டர் வெளியே வந்து பார்த்தார்.

"நான் இங்க வேலை செய்யிறனாம் சேர்" என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பொலிஸிலயே எழுதியாச்சு. இல்லையெண்டா நீங்களே போய்ச் சொல்லுங்கோ."

அவர் போகவில்லை. பொலிஸுக்குப் போய் நிற்கிற தமிழர் அல்ல அவர். கல்கிசையில் நல்ல வேலை ஒன்று கிடைக்கும்வரை அக்கா அந்த மேசையிலேயே இருந்தார். அவரோடு டிரெக்டர் பிறகு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அதைப் பெரிய தண்டனை என்று அவர் நினைத்திருக்கவேண்டும்.

நாட்டில் சண்டை முடிந்துவிட்டது. டிரெக்டர் இப்போது மேடைகளில் இளைஞர்களுக்கு அறிவுரை சொல்கிறார். போன மாதம் அப்படி ஒரு கூட்டத்துக்கு நான் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். பல் வைத்தியரின் வெங்காயத்தைச் சொன்னார், மண்டபம் சிரித்தது. "பிழையை நாங்கள் அரை நாளில் கண்டுபிடித்தோம்" என்றார். கேள்வி நேரத்துக்கு முன்பே அவசர வேலை என்று இறங்கிப் போய்விட்டார். கேட்க இருந்ததை இங்கே எழுதுகிறேன். சேர், அந்த 'நாங்கள்' யார்? நீங்கள் அன்றைக்குக் கதவடியில் நின்று, இல்லையென்று சொல்லச் சொன்ன ஆள்தானே?