பிரதமர் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்த கலியாணம்

எங்கள் மகளின் கலியாணத்துக்கு நாள் வைக்க மூன்று பேரின் சம்மதம் வேண்டியிருந்தது. ஒருவர் கோயில் ஐயர். அடுத்தவர் சுவிஸில், வின்டர்தூரில் நாங்கள் கேட்டிருந்த மண்டபத்தின் அபவார்ட். சாவி முதல் குப்பைவாளி வரை அந்த மண்டபத்தில் எல்லாம் அவர் பொறுப்பு. மூன்றாமவர் பிரித்தானியப் பிரதமர். முதல் இருவரும் ஒரு கிழமைக்குள் பதில் சொல்லிவிட்டார்கள். மூன்றாமவருக்கு நாங்கள் காத்திருப்பதே தெரியாது.

காரணம் என் மனைவியின் தம்பி. லண்டனில் அவருக்கு ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. இரண்டு இயந்திரங்கள், தாள் வெட்டும் மெஷின் ஒன்று, அவர், அவருடைய மனைவி. சாப்பாட்டுக் கடைகளின் மெனு, கோயில் திருவிழா நோட்டீஸ், வீடு விற்பவர்களின் அட்டை, இவைதான் அன்றாட வேலை. அச்சகத்தை விற்றுவிட்டுப் போன பழைய முதலாளி போகும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: பொதுத் தேர்தல் வந்தால் அந்தப் பக்கத்தில் நிற்கிற எல்லாக் கட்சிக்காரரும் உன்னிடம்தான் வருவார்கள், வாக்களிப்பு முடியும் வரை சாப்பிடக்கூட நேரமிராது. மச்சான் அச்சகத்தை வாங்கிய பிறகு வரப்போகும் முதல் பொதுத் தேர்தல் இதுதான். பழைய முதலாளியின் வார்த்தையை அவர் வேதவாக்காக வைத்திருந்தார்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்ணைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டி வருவது தாய்மாமன். என் மனைவிக்கு இருப்பது ஒரே தம்பி. எங்களுடைய கலியாணம் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், இரவல் வாங்கிய ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. அப்போது அந்தத் தம்பி வேறொரு நாட்டில் கடவுச்சீட்டு இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய இடத்தில், அகதி முகாமில் பக்கத்து அறையில் இருந்த ஒரு அண்ணை என் மனைவியைக் கூட்டி வந்தார். நல்ல மனிதர். ஆனால் அந்தக் கலியாண வீடியோ எங்கள் வீட்டில் ஓடியதில்லை.

"என்ரை பிள்ளையை வேற ஆரும் கூட்டிக்கொண்டு வரேலாது" என்று மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள்.

மச்சானுக்கும் அதே ஆசைதான். "தேர்தல் இல்லாத நேரமாப் பாத்து வையுங்கோ அக்கா, நான் ரெண்டு நாள் முந்தியே வந்து நிப்பன்" என்றார் தொலைபேசியில்.

"தேர்தல் எப்பவெண்டு சொல்லன்."

"அது பிரதமருக்குத்தான் தெரியும்."

"அவர் ஆருக்கும் சொல்லேல்லையோ?"

"மனுசிக்குச் சொன்னாரோ தெரியாது, எனக்குச் சொல்லேல்லை."

இதை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மகளால் நம்ப முடியவில்லை. அவளுடைய தொழில் ரயில்களுக்கு அட்டவணை போடுவது. இன்றைக்கு அவள் வேலை செய்யும் அட்டவணையில் ஓடப்போகும் சில ரயில்களுக்கு இன்னும் பெட்டிகளே செய்யப்படவில்லை. இந்த நாட்டில் மக்கள் வாக்களிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளும் அப்படித்தான், பல வருடங்களுக்கு முன்பே குறித்து வைக்கப்பட்டிருக்கும். எதைப் பற்றி வாக்களிக்கப்போகிறோம் என்பதுதான் பிறகு தெரியவரும்.

"அப்பா, ஒரேயொரு ஆள் டேட்டைத் தன்ரை பொக்கற்றுக்குள்ள வச்சுக்கொண்டு திரியிறாரோ?"

"ஓம்."

"அது என்ன சிஸ்டம்?"

நான் அபவார்ட்டிடம் போனேன்.

அபவார்ட் கேட்ட விதம் வேறு. மண்டபத்தைத் தற்காலிகமாக ஒரு ஆனி ஞாயிறுக்கும் ஒரு ஆவணி ஞாயிறுக்கும் பிடித்து வைக்க முடியுமா என்று நான் கேட்டபோது, அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏன் என்று கேட்டார். சொன்னேன்.

"உங்கள் மகள் ஆங்கிலேயரைத் திருமணம் செய்கிறாளா?"

"இல்லை. மாப்பிள்ளை பக்கத்து ஊஸ்டர் ஊர்க்காரர்."

"லண்டனில் இருந்து வருபவர் மாமா."

"ஆமாம்."

"மாப்பிள்ளை வருவது உறுதிதானே?"

உறுதி என்றேன். அவர் இரண்டு ஞாயிறுகளையும் பென்சிலால் குறித்தார். பென்சிலில் எழுதியது அவருக்கு வருத்தமாக இருந்ததைக் கண்டேன். ஒரு மாதத்துக்குள் ஒன்றை விட்டுவிட வேண்டும் என்றார்.

அந்த மாதம் முழுவதும் நான் லண்டன் பத்திரிகைகளை வாசித்தேன். நானும் ஒரு காலத்தில் கொழும்பில் ஒரு பத்திரிகையின் செய்தி மேசையில் இருந்தவன். 'எனத் தெரியவருகிறது' என்று ஒரு செய்தி முடிந்தால் நிருபருக்கு ஒன்றும் தெரியவரவில்லை என்று பொருள். 'எனக் கருதப்படுகிறது' என்றால் பக்கத்தை நிரப்ப வேண்டியிருந்தது என்று பொருள். பெயர் வெளியிட விரும்பாத மூத்த பிரமுகர் பெரும்பாலும் மேசையின் மறுபக்கத்தில் இருக்கிற ஆசிரியர்தான். லண்டன் பத்திரிகைகளில் மூத்த பிரமுகர்கள் மலிந்து கிடந்தார்கள். திங்கட்கிழமை ஒருவர் வசந்தகாலம் என்றார். புதன்கிழமை இன்னொருவர் இலையுதிர்காலம் என்றார். பிரதமர் ஒரு தொழிற்சாலைக்குப் போய் தலைக்கவசம் போட்டால் தேர்தல் நெருங்கிவிட்டது என்றும், போடாவிட்டால் தள்ளிப்போகிறது என்றும் எழுதினார்கள். பிரதமரைக் கேட்டால் ஆண்டின் இரண்டாம் பாதியில் என்று மட்டும் சொன்னார். ஆண்டின் இரண்டாம் பாதியில்தான் ஆவணியும் இருந்தது.

"என்ன போட்டிருக்கினம்?" என்று மனைவி ஒவ்வொரு நாளும் கேட்பாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்ற முன்னமே கேட்பாள்.

"இலையுதிர்காலம் எனக் கருதப்படுகிறது."

"ஆர் கருதுகினம்?"

"அதைத்தான் சொல்லேல்லை."

கடைசியில் முடிவெடுத்தது பத்திரிகை அல்ல, குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் தொங்கிய பஞ்சாங்கக் கலண்டர். ஒரு சனிக்கிழமை அவள் அதைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அந்தாள் தீபாவளிக்கு வாசலில விளக்கு வச்ச படம் பாத்தனீங்கள்தானே?"

"பாத்தனான்."

"அப்ப வீட்டிலை ஒரு பெரிய மனுசி இருப்பா. நாள் பாக்காமல் விடமாட்டா. ஆனிக் கடைசியிலை எலெக்சன் வச்சால் கதிரையிலை இருந்து மூச்சு விட முதல் ஆடி பிறந்திடும். ஆடியிலை ஆரும் புதுசா ஒண்டு தொடங்குவினமோ?"

"மாட்டினம்."

"ஆவணியிலை அங்கை சனமெல்லாம் ஹொலிடே போயிடும். புரட்டாதி கூடாது. அப்ப ஐப்பசி."

நான் ஒரு பிழை தேடினேன். கிடைக்கவில்லை. பெயர் வெளியிட விரும்பாத மூத்த பிரமுகர்களில் பாதிப்பேர் பஞ்சாங்கம் இல்லாமல் இதே ஐப்பசிக்குத்தான் வந்திருந்தார்கள். ஐயரிடம் போய்ச் சொன்னோம். அவர் சிரிக்காமல் கேட்டார். "நியாயமாத்தான் கிடக்கு. ஆனால் அவை வாக்கியம் பாக்கிறவையோ திருக்கணிதம் பாக்கிறவையோ தெரியாதே" என்றார். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நாளில் வித்தியாசம் வரும் என்பது அவருடைய நிரந்தரக் கவலை.

ஐப்பசித் தேர்தலென்றால் ஆவணியிலேயே மச்சானுக்கு வேலை தொடங்கிவிடும், அதனால் ஆவணியை விட்டோம். ஆனி நடுவில் வரும் ஒரு ஞாயிறு என்று ஐயர் தந்த முகூர்த்தத்தை அபவார்ட் பேனையால் எழுதினார். அவருடைய முகம் தெளிந்தது.

அழைப்பிதழ் அச்சடிப்பது மச்சானின் பொறுப்பு. மருமகளுக்கு அவருடைய பரிசு அது. நகரசபைத் தேர்தல் ஒன்று முடியட்டும், பிறகு நல்ல தாளில் ஆறுதலாக அடிக்கிறேன் என்று சொல்லியிருந்தார். நாங்களும் ஆறுதலாக இருந்தோம். ஐப்பசி வரப் பல மாதம் இருந்தது.

வைகாசியில் ஒரு புதன்கிழமை மாலை. மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். என் கைபேசியில் பிரதமர் தன் வாசலுக்கு வந்து நின்றார். லண்டனில் மழை. குடை இல்லை. அவர் பேசப் பேசக் கோட்டின் தோள் கறுத்துக்கொண்டே போனது.

"ஒரு குடை பிடிக்க ஆக்கள் இல்லையோ அந்த வீட்டிலை?" என்றாள் மனைவி, எட்டிப் பார்த்து. பிறகுதான் அவர் தேதியைச் சொன்னார். எங்களுடைய கலியாண ஞாயிறுக்கு அடுத்து வரும் வியாழக்கிழமை.

அவள் கத்தியை வைத்துவிட்டுக் கலண்டரைப் பார்த்தாள். அதில் பிழை இருக்கும் என்று எதிர்பார்த்தாள் போலிருந்தது.

"அந்தாளுக்கு ஆரோ வாக்கியப் பஞ்சாங்கத்தைக் குடுத்திட்டினம்" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் லண்டனில் இருந்து அழைப்பு வந்தது. பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம்.

"அக்கா, பாத்தனீங்களோ?"

"பாத்தம். நனைஞ்சு போனார்."

"அக்கா, வேற நாளுக்கு மாத்தேலாதோ?"

மண்டபம் அடுத்துக் கிடைக்கும் ஞாயிறு ஆடியில் இருந்தது. அதற்குப் பிறகு குளிர்காலத்தில்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரர் தூரத்தில் நொஷாட்டலில் இருக்கும் உறவுகளுக்குக்கூட வாயால் சொல்லி முடித்துவிட்டார்கள். இதை அவள் சொல்லவில்லை. "நீ உன்ரை வேலையைப் பார். உனக்கும் பிழைப்பு" என்றாள். வைத்துவிட்டு மிச்ச வெங்காயத்தை வெட்டினாள். அன்றைக்கு அளவுக்கு மீறிய வெங்காயம் சேர்ந்தது, இரண்டு நாளைக்கு எல்லாக் கறியிலும் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் தம்பியிடம் வருவாயா என்று ஒரு தரமும் கேட்கவில்லை. தினமும் பேசினாள். மழை பெய்ததா, சாப்பிட்டாயா, மெஷின் ஓடுகிறதா என்று கேட்டாள். மச்சானும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், கேட்காததைத் தவிர. தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கலுக்கு அவர் வரவில்லை. மகள் மட்டும் ஒரு நாள் மெதுவாக, "மாமா வராட்டி அப்பா, நீங்களே கூட்டிக்கொண்டு வாங்கோவன்" என்றாள். நான் கன்னிகாதானம் செய்ய மணவறையில் இருக்க வேண்டும் என்றேன். அட்டவணை போடுகிறவளுக்கு உடனே விளங்கியது: ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு பிளாட்பாரத்தில் நிற்க முடியாது.

அழைப்பிதழ்ப் பெட்டி வந்தது. சுங்கத்தில் யாரோ திறந்து பார்த்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். அட்டைகள் அழகாக இருந்தன, தாமரை பொன்னிறத்தில் மின்னியது. நசுங்காமல் இருப்பதற்காகச் சுற்றிலும் அடைத்திருந்தவை, நிறம் பிழையாக விழுந்த தேர்தல் துண்டுப்பிரசுரங்கள். சிரித்த முகங்கள், எல்லாக் கட்சியும். மனைவி ஒவ்வொன்றாக எடுத்துச் சுருக்கம் நீவி மேசையில் பரப்பினாள்.

"இந்தாள் வெல்லாது" என்றாள் ஒரு படத்தைப் பார்த்து.

"ஏன்?"

"முகத்தைப் பாருங்கோ. தனக்கே தெரியும்."

சனிக்கிழமை மண்டபத்தில் மணவறை பூட்டிக்கொண்டிருந்தோம். வாழைமரம் கட்டும் கயிறு சுவரில் அடையாளம் வைக்குமா என்று அபவார்ட் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. மச்சான், கையில் ஒரு சின்னப் பெட்டி, விமான நிலையத்தில் இருந்து நேரே. மனைவி ஏணிக்குப் பக்கத்தில் மாவிலைத் தோரணத்தோடு நின்றாள்.

"நீ ஏன்டா வந்தனீ? மெஷினை ஆர் பாக்கிறது?"

"மெஷின் நிக்குது அக்கா."

"பழுதோ?"

"வேலை இல்லை." அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "இந்த ஞாயிறு கட்சிக்காரர் வீடு வீடா நோட்டீஸ் போடுகினம். போட வேண்டியதெல்லாம் வியாழக்கிழமையே கட்டிக்கொண்டு போயிட்டினம். இனி அடிச்சு ஆருக்குக் குடுக்கிறது? கனபேர் தபாலிலை வாக்கும் போட்டு முடிச்சிட்டினம். நேற்று முழுக்கப் போனைப் பாத்துக்கொண்டு இருந்தன். ஒருத்தரும் எடுக்கேல்லை."

பழைய முதலாளி கடைசி நாட்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். நாங்களும் கேட்கவில்லை. ஒரு மாதம் முழுக்கப் பிரதமரின் மனதையும் அவர் வீட்டுப் பெரிய மனுசியின் மனதையும் படித்தோம். வாக்களிக்கும் நாளுக்கு முந்தின ஞாயிறு ஒரு அச்சகத்தில் என்ன நடக்கும் என்று, பத்திரிகையில் இருந்த நானோ, அச்சகம் வைத்திருப்பவரோ யோசிக்கவில்லை. அவர் பயந்த நாட்களில் அவருக்கு வேலையில்லாமல் போன நாள் அதுதான்.

"சாப்பிட்டனியோ?" என்று கேட்டாள் மனைவி.

"பிளேனிலை ஒரு பணிஸ்."

அவள் தோரணத்தை என் கையில் தந்துவிட்டு அவரைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் காலை பெண் வரும் நேரம். கதவருகே மாமனும் மருமகளும் நின்றார்கள். வீடியோக்காரர் மச்சானின் வலக்கையைக் கண்டு கமராவை இறக்கினார். நகக்கண்களில் நீலம், சிவப்பு, மஞ்சள். எல்லாக் கட்சியின் மையும் இருந்தது. பெற்றோல் போட்டுத் தேய்த்தும் போகவில்லையாம்.

"அண்ணை, மற்றக் கையாலை பிடியுங்கோ. குளோசப்பிலை தெரியும்."

"கிடக்கட்டும்" என்றாள் என் மனைவி. "அதையும் எடுங்கோ."

நாதஸ்வரம் தொடங்கியது. நான் மணவறையில் இருந்து பார்த்தேன். மகள் தலை குனிந்து வந்தாள். மச்சான் இயந்திரத்துக்குத் தாள் கொடுப்பவர் போல, அவசரமில்லாமல், நேராக, கோணாமல் கூட்டி வந்தார். மனைவி மகளைப் பார்க்கவில்லை. தம்பியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுப் பந்தியில் அவருக்கு இரண்டாம் தரம் பாயசம் வார்த்தபோது அவள் கேட்டாள்: "இனி அடுத்த எலெக்சன் எப்பவாம்? எங்கடை சின்ன மகனுக்கும் ஒரு பொம்பிளை பாக்கவேணும்."

"அக்கா, முதல் இந்த வியாழக்கிழமை முடியட்டும்" என்றார் மச்சான்.