அக்குள் பிடிக்காத கோட்டு

எல்லையில் சண்டை மூண்டிருந்த வாரம், எலப்புள்ளிப் பக்கம் ஒரு தையல் கம்பெனிக்கு மிஷின் பழுதுபார்க்கப் போயிருந்தேன். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே பெண்கள் பனிமலைப் பட்டாளத்துக்குப் பஞ்சுக் கோட்டு தைத்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறிக் காற்றில் பறந்த பஞ்சு அவர்கள் தலையில் மெல்ல இறங்கியது. பனி இப்படித்தான் விழுமோ என்று நின்றுவிட்டேன்.

ஜன்னலோரம் ஒல்லியான ஓர் அக்கா. மூக்குத்தியிலும் வியர்வை. ஒவ்வொரு கோட்டையும் தைத்து முடித்ததும் தானே போட்டுக்கொள்வார். அவர் தோள் அதற்குள் தொலைந்துபோகும். பிறகு குனிந்து, இரு கைகளாலும் இல்லாத எதையோ அள்ளித் தலைக்கு மேலே தூக்குவார். நேரமாகிறதென்று சூப்பர்வைசர் கத்துவது அவர் காதில் ஏறவேயில்லை.

"துப்பாக்கி தூக்கத் தோதா இருக்குதான்னு பாக்கறீங்களாக்கா?" என்றேன்.

"அதெல்லாம் எனக்கென்னங்க தம்பி தெரியும்? ஊட்டுக்கு வந்ததும் புள்ளையத் தூக்குவாங்கல்லீங்க? அப்ப அக்குளு புடிக்கக் கூடாதுங்க."

பனிமலைக் கோட்டோடு யார் வீட்டுக்கு வருவார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கைகள் இன்னும் மேலேயே இருந்தன. திரும்பி மிஷினுக்கு எண்ணெய் விட்டேன்.

இப்போதும் ரயிலிலிருந்து இறங்கும் பட்டாளத்துக்காரர் யாராவது பிள்ளையைத் தூக்கினால், கை தடையில்லாமல் மேலே போகிறதா என்று நின்று பார்க்கிறேன்.