அவள் ஏறும் உயரம்

மரக்கன்றுகளைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் இறக்குவதால் அவருக்குக் கன்றுக்காரர் என்றே பெயர். ஐம்பத்தொன்பது வயது. பேச்சுத் துணைக்கு அவருடைய பிக்கப் வண்டி ஒன்றுதான்.

வண்டியை உயர்த்திப் பெரிய டயர் போட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மனைவி இருந்தவரை நடக்கவில்லை. மூட்டுவலிக்காரி. "என்னை ஏத்த கிரேன் வாங்கி வப்பீங்களா?" என்று கேட்டே வாயை அடைத்துவிடுவாள். அவள் போன மூன்றாம் மாதம், இனி யார் ஏறப்போகிறார்கள் என்று வண்டியை ஆறு அங்குலம் உயர்த்திவிட்டார். தெருவே வாய் பிளந்தது. பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வந்தது.

ஒருநாள் காலையில் மகள் போன் செய்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. கணவனுக்குக் கப்பலில் வேலை. மலைமேல், சக்கரம் வைத்த சின்ன மரவீட்டில் தனியாக இருந்தாள்.

"அப்பா, இந்த வீட்டை இழுத்துட்டு வந்து உங்க வாசல்ல நிறுத்துறீங்களா? பிரசவம் வரைக்கும் பக்கத்துலயே இருந்துக்கறேன். முடியலன்னா சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை அவரோட அண்ணன் தன் ஊருக்கு இழுத்துட்டுப் போறேங்கறார்."

"முடியாம என்ன? வர்றேம்மா!"

மெக்கானிக்தான் தடுத்தான். "முதல்ல என் டிரெய்லர்ல கல்லை ஏத்தி இழுத்துப் பாருங்கண்ணே."

இழுத்தார். வண்டியின் கொக்கி உயரத்தில் இருந்ததால் டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டது; வால் இப்படியும் அப்படியும் ஆடியது. மேட்டில் இன்ஜின் கதறியது. இறக்கத்தில் பிரேக்கை முழுசாக மிதித்தும், வேலிக் கல்லுக்கு ஒரு சாண் முன்னால்தான் வண்டி நின்றது.

"டயர் பெருசு, இன்ஜினும் பிரேக்கும் பழசு. அதுக்கு மூச்சு வாங்காம என்ன செய்யும்? இதுல புள்ளைத்தாச்சியோட வீட்டைக் கட்டிக்கிட்டு மலை இறங்கப் போறீங்களா?"

கன்றுக்காரர் அந்த வேலிக் கல்லையே பார்த்தார். ஆளில்லாத வாழ்க்கைக்காகத் தூக்கிய வண்டி, வரப்போகிற ஆளையும் தடுத்துவிட்டதே!

"இறக்கிடு" என்றார். "எல்லாத்தையும். பழைய டயர் ஷெட்டுலதான் கிடக்கு."

"பார்க்கிறவங்க சிரிப்பாங்கண்ணே."

"சிரிக்கட்டும்டா. சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு!"

ஞாயிறு விடியும்போது மலைமேல் நின்றார். மரவீட்டைக் கொக்கியில் மாட்டினார். அது மூக்கைத் தூக்காமல் மட்டமாக, சாதுவாக நின்றது. சம்பந்தி வீட்டு வண்டி இன்னும் வரவில்லை. மகள் கணவனின் அண்ணனுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றாள்.

பிறகு வயிற்றைத் தாங்கியபடி வந்து, ஒரு கையால் கதவைப் பிடித்து, சிரமமில்லாமல் ஏறி உட்கார்ந்தாள்.

"என்னமோ உயரமா மாத்திட்டீங்கன்னு சொன்னாங்க? அம்மா ஏறுற மாதிரிதானே இருக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளிப்பக்கம் சுத்தமாகத்தான் இருந்தது; உள்பக்கம்தான் நனைந்திருந்தது. இரண்டு வருஷமாகக் காலியாக வந்த இருக்கையைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வராமல், முதல் கியரில் மெல்ல இறங்கத் தொடங்கினார்.